நாற்பத்து மூன்று தேர்ச்சிகள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் இங்கே சௌக்கியம். அத்தானுக்கு முதுகுவலி மட்டும் வந்து வந்து போகிறது. நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எனக்குக் காலை ஷிப்ட், உனக்கு மதிய ஷிப்ட். நான் ஓய்ந்து உட்காரும் நேரத்தில் உன் ஃபோன் லாக்கருக்குள் கிடக்கிறது. அப்படியே நீ கிடைத்தாலும், நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு "ம்" கொட்டித் தப்பித்துவிடுகிறாய். கடிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். புதன்கிழமைதோறும் லாரி அண்ணன் இங்கிருந்து உங்கள் சலவைக்கூடத்துக்குச் சோப்புத்தூளும் உதிரி பாகங்களும் கொண்டுவருகிறாரே, அவருடைய காகிதப் பையில் இதையும் போட்டுவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற நம் கம்பெனிக்கு இனிமேல் ஆன்லைன் பயிற்சியாம். பெரிய கூடத்தில் இருக்கிற எங்களுக்கும் சின்னக் கூடத்தில் இருக்கிற உங்களுக்கும் ஒரே பாடங்கள். மொத்தம் பன்னிரண்டு. துணி மூட்டையில் ஊசி இருந்தால் என்ன செய்வது, எந்தச் சலவை மருந்தோடு எதைக் கலக்கக் கூடாது, இஸ்திரி உருளையில் துணி சிக்கினால் முதலில் எதைத் தொடுவது, இப்படி. எல்லாம் பார்த்து முடித்ததும் இருபது கேள்விக்கு ஒரு தேர்வு. மேலாளர் கூட்டம் போட்டு அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், நாலு மாசம் கழிச்சு இத யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டுவிட்டேன். "நீங்கதாம்மா" என்றார். கேட்டவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

தினமும் இரண்டு மணி நேரம் மடிப்பு மேசையிலிருந்து எனக்கு விடுதலை. வாளிகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். கதவில் என் பதவியை எழுதி ஒட்டியிருக்கிறது, பயிற்சிப் பொறுப்பாளர் என்று. அத்தான் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார், பாத்திரம் தேய்க்கும்போதும்.

உங்கள் கூடத்தில் யாரைப் பொறுப்பாகப் போட்டார்கள்? எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். பாப்பாவுக்கு இருமல் நின்று இப்போது பல் ஆடுகிறது. அத்தானின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். பயிற்சிப் பொறுப்பாளர் சொன்னால் கேட்பார்.

எங்கள் கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது, ஆள் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான். மேற்பார்வையாளர் அதைத் தன் கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு மேசையில் வைத்து, எதிரே ஒரு நாற்காலி போட்டார். சுவரில் எல்லோருடைய எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒட்டிவைத்தார். "மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் முடிச்சிடணும்" என்றார். அவ்வளவுதான் எங்கள் தொடக்கவிழா. கைதட்டல் எல்லாம் கிடையாது.

நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். தொண்ணூற்றைந்து மார்க். படிக்கிற காலத்தில் இப்படி வாங்கியிருந்தால் நான் ஏன் ஈரப் போர்வையைத் தூக்கிக்கொண்டு திரியப் போகிறேன்?

இஸ்திரி உருளைக்குள் போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து விட எனக்கு இப்போது புது ஜோடி. நெட்டை என்று கூப்பிடுகிறோம். நின்றால் மேல்விளக்கு மறையும். நல்லவன், கொஞ்சம் பரபரப்பு. கம்ப்யூட்டரைக் கண்டால்தான் தீயைக் கண்ட மாதிரி ஒதுங்குகிறான்.

வேறு விசேஷம் இல்லை. நீ ரொம்ப நேரம் நிற்காதே. கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை செய்கிறேன் அல்லவா? அத்தானும் நலம். பாப்பா பல் விழுந்ததா?

முதல் வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பாய். இருபது பேரை அறைக்குள் உட்காரவைத்து வீடியோவைப் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் பதினாறு பேர் தூக்கம். மீதி நாலு பேர் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அன்று மாலையே முறையை மாற்றினேன். இப்போது நாலு நாலு பேராகத்தான் கூப்பிடுகிறேன். வீடியோவைப் பாதியில் நிறுத்தி, நால்வரையும் இயந்திரத்திடம் கூட்டிப்போய், பார்த்ததை அங்கேயே கையால் செய்யச் சொல்கிறேன். பிறகு திரும்பி வந்து மீதி வீடியோ. வாசிக்க வராதவர்களுக்கு நான் கேள்வியை உரக்கப் படிப்பேன், விடையை அவர்கள்தான் தொட வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

அழுக்குப் பக்கத்தில் மூட்டை பிரிக்கிற அம்மா ஒருத்தி, ஒன்பது வருஷமாக இருக்கிறாள். ஊசி குத்தினால் விரலை வாயில் வைத்துச் சப்புவாளாம். "துணில தொடைக்கிறத விட இது சுத்தம்தானே?" என்று என்னிடமே கேட்டாள். கையோடு குழாயடிக்குக் கூட்டிப்போய்ப் பதினைந்து நிமிடம் விரலைத் தண்ணீரில் காட்டவைத்தேன். போன வாரம் மூன்று பேர் தாங்களாகவே ஊசியை எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டார்கள். முன்பெல்லாம் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

என்ன, எண்ணிக்கை ஏற மாட்டேன் என்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்தைந்து பேர்தான் முடித்திருக்கிறார்கள். மேலாளர் தினமும் "எத்தன சதவீதம்?" என்றுதான் காலை வணக்கமே சொல்கிறார். நாங்கள் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

அங்கே எப்படிப் போகிறது? பொறுப்புக்கு ஆள் போட்டார்களா, இல்லையா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

பாப்பாவின் பல் விழுந்துவிட்டது. அதை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு, எங்களைத் தேடச் சொல்லி இரண்டு நாள் படுத்தினாள். அவளுக்கு அத்தை ஜாடை மட்டும் இல்லை, அத்தை குணமும்தான்.

இங்கே பயிற்சி முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று பேரும் தேர்ச்சி, நூறு சதவீதம். எல்லோரும் ஒத்துழைத்தார்கள். மேற்பார்வையாளருக்கு ஏக மகிழ்ச்சி, டீ வாங்கிக் கொடுத்தார்.

மழை இல்லாததால் தண்ணீர் லாரி வரவழைக்கிறார்கள். இரண்டாவது உலர்த்தும் இயந்திரம் பழுது. உன் வேலை நன்றாக நடக்கட்டும்.

தம்பி


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன். அத்தான் ஒரு வாரமாக வேலைக்குப் போகிறார்.

உன் நான்கு வரிக் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நூறு சதவீதம் என்று எழுதியவன் எப்படி என்று எழுதவில்லையே!

சொல்கிறேன், கேள். திங்கட்கிழமை சதவீதம் கூட்டம் போட்டார். சுவரில் தேர்ச்சிக் கணக்கைக் காட்டும் இரண்டு பட்டை. ஒன்று உங்கள் கூடம், உச்சிவரை பச்சை. இன்னொன்று எங்களுடையது, அறுபத்தொன்றில் நிற்கிறது. எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அங்க ஆளே போடல, நூறு. இங்க தினம் ரெண்டு மணி நேரம் ஒரு ஆள ஒதுக்கிக் குடுத்தேன், அறுபத்தொண்ணு. அப்ப ஆள் எதுக்கு?" நான் ஊசி டப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் பட்டையில தெரியாதும்மா" என்றார்.

மறுநாளிலிருந்து நான் மறுபடியும் முழுநேரம் மடிப்பு மேசை. பயிற்சியை "நேரம் கிடைக்கும்போது" பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நேரம் என்றைக்குக் கிடைத்தது நமக்கு? அறைக்குள் வாளிகள் திரும்பி வந்துவிட்டன. கதவில் என் பதவிக் காகிதம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அழுகையாக வந்தது, தம்பி. பதவிக்காக இல்லை. இன்னும் நாற்பத்து நாலு பேர் பாக்கி. அதில் பாதிப்பேர் உருளையில் வேலை செய்கிறவர்கள். அவர்களைக் கடைசியில் வைத்திருந்தேன், நிதானமாகச் செய்யலாம் என்று.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? இரண்டு மாதத்தில், ஒரே கம்ப்யூட்டரில், பொறுப்பாள் இல்லாமல்? அந்த வழியை எனக்கு எழுது. அதைச் செய்து காட்டி என் இரண்டு மணி நேரத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். அடுத்த லாரியிலேயே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். நடுவில் எனக்குக் காய்ச்சல். பிறகு வீட்டுக்காரிக்கு. பிறகு இயந்திரப் பழுது. லாரி அண்ணன் வாராவாரம் கையை நீட்டுவார், நான் தலையை ஆட்டி அனுப்பிவிடுவேன்.

உன் வேலையை எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு சரியில்லை. நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? ஒவ்வோர் இடமும் ஒரு மாதிரி. இங்கே ஆட்கள் குறைவு, அதனால் சுலபம். நீ ரொம்ப மெனக்கெடாதே அக்கா. இதற்காக யாரும் உனக்கு மாலை போடப் போவதில்லை. உடம்பு கெட்டுப்போனால் அத்தான்தான் கஷ்டப்படுவார்.

மே மாதம் மறுபயிற்சி என்று இன்னொரு தேர்வு வருகிறதாம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

பாப்பா அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

தம்பி


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாரி அண்ணன் வேறு மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். அடிபட்டது எனக்கு இல்லை.

திங்கட்கிழமை மாலை நெட்டையின் வலது கை உருளையில் மாட்டிக்கொண்டது. போர்வை சுருண்டு உள்ளே போயிருக்கிறது. அவன் இழுத்திருக்கிறான். துணியோடு கையும் போய்விட்டது. உருளைக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் சிவப்புக் கம்பி இருக்கிறது, காலால் தட்டினால் இயந்திரம் நின்றுவிடும். அவன் தட்டவில்லை, கத்தினான். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ கேட்டு ஓடிப்போய் நிறுத்தியபோது மணிக்கட்டுவரை போயிருந்தது.

நான் அப்போது உருளையில் இல்லை.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்றும் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். நேற்றுப் போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அத்தானைக் கேட்டதாகச் சொல். நீ எதற்கும் உருளைப் பக்கம் போகாதே.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ சரியாகத் தூங்குகிறாயா? நெட்டையின் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர் மனைவி கூட இருக்கிறாளா? ஏதாவது தேவையென்றால் எழுது, லாரியில் அனுப்பிவைக்கிறேன்.

சதவீதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விபத்து விசாரணைக்குப் பயிற்சிப் பதிவேடு வேண்டுமாம். இரண்டு கூடத்துப் பதிவேட்டையும் கம்ப்யூட்டரில் திறக்கத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான். அதனால் நாலு நாள் மறுபடியும் பொறுப்பாளர் ஆகியிருக்கிறேன். அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர்கள் எழுதப்போவது என்ன என்று இப்போதே தெரிகிறது. நெட்டை தேர்ச்சி பெற்றவர். தொண்ணூற்றைந்து மார்க். சிவப்புக் கம்பியைப் பற்றிப் படித்துத் தேறியவர் அதைத் தட்டவில்லை என்றால் தவறு அவருடையது, கம்பெனியுடையது இல்லை. அப்படி முடிவானால் வேலையும் போகும், சிகிச்சைச் செலவும் கிடைக்காது.

உங்கள் கூடத்துப் பதிவேட்டை முழுக்கப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேருக்கும் தொண்ணூற்றைந்து. ஒருவருக்கும் அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. எல்லாம் மாலை நேரத்தில், ஒருவருக்குப் பதினோரு நிமிடம். நாற்பத்து மூன்று பேரும் தவறவிட்டது ஒரே கேள்வியை, பதினான்காவது கேள்வியை. உருளையில் துணி சிக்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? நாற்பத்து மூன்று பேரும் ஒரே விடையைத் தொட்டிருக்கிறார்கள். சத்தம் போட்டு உதவிக்கு அழைப்பேன்.

நீயும் நானும் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த சலவைக்கூடத்தில் சிவப்புக் கம்பியே கிடையாது. சுவிட்சு எதிர்ச் சுவரில் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். உனக்கு முதல் நாள் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், எதையும் இழுக்காதே, முதலில் கத்து என்று. ஏனோ அது நினைவுக்கு வந்தது.

வேறொன்றும் இல்லை. லாரி புதன்கிழமை வரும். பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நானும்.

போன புதன்கிழமை லாரி அண்ணன் வந்தபோது கடிதம் எழுதிக் கையில் வைத்திருந்தேன். கொடுக்கவில்லை, கிழித்துப்போட்டுவிட்டேன். அதில் நிறையக் காரணம் எழுதியிருந்தேன். இதில் காரணம் இல்லை, நடந்தது மட்டும்.

முதலில் கண் சரியாகத் தெரியாத ஒரு அம்மாவுக்காகச் செய்தேன். "நீ வேகமாப் படிப்ப, எனக்கும் தட்டிவிட்டுடுப்பா" என்றாள். அடுத்தது அவள் தங்கை. அதற்கடுத்து ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டினார்கள். நான் உட்கார்ந்து தட்டும்போது என் மூட்டையை அவர்கள் தூக்கினார்கள். எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது அக்கா, அதுதான் உண்மை. மேற்பார்வையாளருக்குத் தெரியும். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எதையும் பார்க்காதவர் மாதிரி இருந்தார்.

அதைக் காட்டித்தான் உன் பொறுப்பைப் பிடுங்கினார்கள் என்று மார்ச்சிலேயே எனக்குத் தெரிந்தது. நீ வழி கேட்டு எழுதிய கடிதம் ஒரு மாதம் என் சட்டைப்பையில் இருந்தது. அப்போது சொல்லியிருந்தால் உன் இரண்டு மணி நேரம் உனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை.

நெட்டை கத்தியபோது நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். மே மாதத்து மறுபயிற்சித் தேர்வின் பாக்கி, வேறொருவர் பெயரில். அவன் கத்தியது கேட்டது. இந்தக் கேள்வியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஒரு கேள்விதான்.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பயிற்சி பெற்றும் கவனக்குறைவு, வேலையிலிருந்து நீக்கம். அவன் மனைவி அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றாள். படித்துச் சொன்னேன். நான் தட்டின மார்க்கை நானே அவளுக்குப் படித்துச் சொன்னேன்.

நேற்று விசாரணையில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த நாற்பத்து மூன்றும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை என் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரியிடம் சொன்னேன். பாப்பாவுக்குத் தலைவாரிக்கொண்டே இருந்தாள்.

இன்னொன்று. விசாரணை மேசையில் உன் அறிக்கையும் இருந்தது. ஒரே ஆள் எழுதிய தேர்வு என்று நீ கண்டுபிடித்திருந்தாய். யார் என்று எழுதவில்லை. நீ எழுதி முடித்த தேதி ஜூன் 13 என்று இருந்தது. அலுவலகத்தில் வாங்கிக்கொண்ட முத்திரை ஜூன் 23.

நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. பார்த்தேன், அவ்வளவுதான்.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானும் நானும் நலம். ஹோட்டல் சலவைக்கூடத்தில் உனக்கு வேலை கிடைத்ததாக உன் வீட்டுக்காரி ஃபோனில் சொன்னாள். பாப்பா கொஞ்ச நேரம் பேசினாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்புகிறேன். லாரி அண்ணனுக்கு இனிமேல் உன்னிடம் வேலை இல்லையே.

தேதியைப் பார்த்தாய் அல்லவா? ஆமாம், பத்து நாள் வைத்திருந்தேன். பதின்மூன்றாம் தேதி எழுதி முடித்து, மடிப்பு மேசையின் கீழே, கிழிந்த போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். நீயாகச் சொல்லட்டும் என்று ஒரு புதன்கிழமை காத்திருந்தேன். லாரி வெறுங்கையோடு வந்தது. இன்னொரு புதன் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் நெட்டைக்கு வேலைநீக்கக் கடிதம் போய்விட்டது. சனிக்கிழமை காலை லாரி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் திங்கட்கிழமைதான் கொடுத்தேன். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

இப்போது இங்கே நடந்ததைக் கேள். பட்டை இரண்டையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் கூடத்தின் நாற்பத்து மூன்றையும் அழித்து முதலிலிருந்து நடத்தச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கூடத்துக்கும் முழுநேரப் பொறுப்பாளர் நான். வேறு வேலை எதுவும் தரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். "இந்தத் தடவ எத்தன நாள் ஆகும்?" என்று சதவீதம் கேட்டார். "ஆகுற வரைக்கும் ஆகும் சார்" என்றேன். தலையாட்டினார். உன் மேற்பார்வையாளர் அந்தக் கண்ணாடி அறையில்தான் இன்னும் இருக்கிறார். உன் வேலைதான் போனது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நெட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், சிகிச்சைச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். இடது கையால் தலையணை உறைகளை எண்ணி அடுக்குகிறார். போன வாரம் திங்கட்கிழமை உங்கள் கூடத்தில் முதல் நாலு பேரில் அவரும் வந்தார். மற்ற மூன்று பேரை இயந்திரத்தைப் பார்க்க அனுப்பிவிட்டு, அவரிடம் சொன்னேன். "ஒங்க பேர்ல தேர்வு எழுதினது என் தம்பி. அது தெரிஞ்சும் பத்து நாள் அறிக்கையக் குடுக்காம வெச்சிருந்தேன்."

அவர் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"அந்தப் பத்து நாள்லதான எனக்கு லெட்டர் வந்துச்சு?"

"ஆமாங்க."

"என் வீட்டுக்காரி அன்னிக்கு ராத்திரி பூரா அழுதா."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, "சரி, பாடத்த ஆரம்பிங்க" என்றார்.

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. உன்னைப் பற்றியும் கேட்கவில்லை.

நான்கு நாள் பாடம், வெள்ளிக்கிழமை தேர்வு. இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பதினான்காம் கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். நேராக உருளைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, முழங்காலால் கம்பியைத் தட்டினார். உருளை நின்றது. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து விடையைத் தொட்டார். இருபதில் பதினேழு.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, தம்பி. என் மேலும் இருக்கிறது. இரண்டும் சீக்கிரம் ஆறாது. ஆனாலும் நீ என் தம்பி. உன்னை முதல் உருளையின் முன்னால் நிறுத்தி, தப்பான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

புது இடத்தில் இஸ்திரி உருளை எத்தனை இருக்கிறது? அதை எப்படி நிறுத்துவது என்று உனக்கு யாராவது காட்டினார்களா? காட்டவில்லை என்றால் நாளைக்கே கேள். வெட்கப்படாமல் கேள். கேட்டு, நீயே ஒருதடவை நிறுத்திப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா